தோல்வி விகிதம்

கருத்தடை முறைகளின் நம்பகத்தை அளக்க ஒரு எண் இருக்கிறது. ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1930களில் ஏற்படுத்தியது. நூறு பெண்கள் ஒரு முறையை ஒரு வருஷம் அனுஷ்டித்தால் அவர்களில் எத்தனை பேர் கர்ப்பமாவார்கள் என்பதுதான் கணக்கு. கர்ப்பத்துக்கு இந்தக் கணக்கில் 'தோல்வி' என்று பெயர். பின்னால் வந்தவர்கள் இந்த எண்ணை இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொண்டார்கள். முறையைச் சொன்னபடி, ஒரு நாளும் பிசகாமல் கையாண்டால் வரும் தோல்வி ஒன்று; சாதாரண மனிதர்கள் சாதாரணமாகக் கையாளும்போது வரும் தோல்வி இன்னொன்று. அமெரிக்க மதிப்பீடுகளின்படி, மாத்திரை பிசகாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, சாதாரணமாக 7. ஆணுறைக்கு 2, சாதாரணமாக 13. கடைசிக் கணத்தில் விலகிக்கொள்ளும் புராதன முறைக்கு 4, சாதாரணமாக 20. காப்பர் டிக்கு இரண்டு பத்தியிலும் ஒன்றுக்குள். பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனுக்கு இரண்டு பத்தியிலும் அரை. ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன் அதற்கும் கீழே, 0.15க்குள் நின்றுவிடுகிறது. ஒன்றுமே செய்யாதவர்களுக்கு 85.

இரண்டு பத்திகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரைக்கு 1க்கும் 7க்கும் நடுவே இருப்பது ரசாயனம் அல்ல. மறதி, சண்டை, குடித்துவிட்டு வரும் புருஷன், மாமியாரின் கண்ணுக்குத் தப்பி ஒரு அட்டையை எங்கே ஒளித்து வைப்பது என்ற பிரச்னை, கடை அடைத்திருந்தது, அம்மா வீட்டுக்குப் போனபோது எடுத்துப்போக மறந்தது. சுருக்கமாகச் சொன்னால் நாவலாசிரியர்களுக்குரிய விஷயம் அத்தனையும் அந்த இடைவெளியில்தான். நம் விமர்சனத்தில் கதைசொல்லியின் நம்பகம், பாத்திரத்தின் நம்பகம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம்பகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கம் அறுபது எழுபது வருஷமாக என்ன செய்தது என்று பார்ப்பதும் இலக்கியப் பத்திரிகைக்கு அந்நியமான காரியம் ஆகாது. அது செய்தது இதுதான்: அந்த இடைவெளியை ஒழிக்க விரும்பியது. இடைவெளியை ஒழிக்கச் சுலபமான வழி, முறையைக் கையாள வேண்டிய மனிதரை ஒழித்துவிடுவது. கையாள ஆள் வேண்டாத முறைதான் நம்பகமான முறை.

சேலம் நாமக்கல் சமவெளியில் (1997இல்தான் இவை இரண்டு மாவட்டங்கள் ஆயின, நான் பேசுவது பழைய சேலம் ஜில்லாவை) பிள்ளைப்பேற்றைத் திட்டமிடுவது சர்க்கார் கொண்டுவந்து கொடுத்த யோசனை அல்ல. ஆடி மாதம் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்பது அதன் நியாயம். பத்து மாதத்தை முன்னோக்கி எண்ணி, ஒரு மாதத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி எடுக்கும் இந்த ஏற்பாடு, அதன் எல்லைக்குள் நூற்றுக்கு நூறு நம்பகமானது. பிரிந்திருப்பவர்களுக்குத் தோல்வி விகிதம் கிடையாது. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்துத் திரும்புவதும், பிள்ளைக்கு இரண்டு வருஷம் மூன்று வருஷம் பால் கொடுப்பதும் இதே வகை. பால் கொடுக்கும் வரை 'குளிக்காமல்' இருப்பதை நம்பி இடைவெளி விட்ட பெண்கள் தவறாக நம்பவில்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கு திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதம் வரை அந்த முறையின் தோல்வி நூற்றுக்கு இரண்டு என்று மருத்துவமே பிற்பாடு ஒப்புக்கொண்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு நம்பிக்கை மட்டும் மிஞ்சும். பப்பாளி, எள், அன்னாசி விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை மட்டும்தான்.

இவையெல்லாம் பிள்ளைகளைத் தள்ளிப்போடுவதற்கு, வேண்டாமென்பதற்கல்ல. வேண்டாமென்பது இந்த மண்ணில் யோசிக்க முடியாததாக இருந்தது. திருச்செங்கோட்டு மலையுச்சியில் வறடிக்கல் என்று ஒரு பாறை. பிள்ளையில்லாத பெண்கள் பள்ளத்தின் விளிம்பில் அதைச் சுற்றி வந்தால் பலன் உண்டு என்பது ஐதீகம். கால் இடறினால் கீழே போக வேண்டியதுதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) இந்தக் கல்லையும் அந்த மலையின் தேர்த்திருவிழாவையும் வைத்து எழுதப்பட்டது. பிள்ளையில்லாமையைத் தீர்க்க ஒரு சமூகம் எந்த அளவுக்குப் போயிருக்கக்கூடும் என்று நாவல் கற்பித்தது. அதைப் பொறுக்காமல் 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. 2016 ஜூலையில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவரை எழுதச் சொன்னது. அந்தச் சண்டையின் போது யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. எந்த ஊரில் பிள்ளைக்காகப் பாறையைச் சுற்றினார்களோ அதே ஊரில், இரண்டே தலைமுறைக்குள், நிலம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று எழுத இன்னும் ஒரு நாவல் வேண்டும்.

வேண்டாமென்பதை யோசிக்கக்கூடியதாக ஆக்கியவர் காவிரிக்கு அந்தக் கரையில் இருந்தார். ஈரோட்டிலிருந்து 1925 மே மாதம் தொடங்கிய 'குடி அரசு' பத்திரிகையில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசினார்; 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் சொத்து சிதறாமல் இருப்பதற்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே 1925இல், இந்தக் கரையில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். காந்தியின் முறை பிரம்மசரியம். 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து வாதாடியபோதும் அவர் அசையவில்லை. மாதத்தில் சில நாட்கள் விலகியிருக்கும் முறை மட்டும் அதிலுள்ள கட்டுப்பாட்டின் காரணமாக அவருக்கு அவ்வளவு வெறுப்பாகப் படவில்லை. காந்தியும் பெரியாரும் இந்த விஷயத்தில் எதிரெதிர் துருவம் என்று சொல்வது வழக்கம். ஒரு இடத்தில் இருவரும் ஒன்று: இருவருமே மனிதரை நம்பினார்கள். காந்தி ஆணின் புலனடக்கத்தை நம்பினார், பெரியார் பெண்ணின் புத்தியை நம்பினார். இரண்டு நம்பிக்கையில் எது அதிகம் விபரீதமானது என்று வாசகர் தீர்மானித்துக்கொள்ளலாம். பின்னால் வந்த அரசாங்கம் இரண்டையும் நம்பவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் நம்பிப் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே குடும்பக் கட்டுப்பாடு சேர்ந்தது. சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் காந்தியின் சிஷ்யை. ஆகவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு சோதிக்கப்பட்ட முதல் முறை, விலகியிருக்கும் நாட்களை எண்ணும் முறை. 1952 முதல் 1954 வரை டெல்லியில் லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்தில் ராமநகரத்திலும் பரீட்சை. நம் ஓசூர் எல்லையிலிருந்து ராமநகரம் வெகு தூரமில்லை. டாக்டர் ஆப்ரஹாம் ஸ்டோன் பெண்களுக்கு ஒரு மணிமாலை செய்து கொடுத்தார். பச்சை மணி வந்தால் சேரலாம், சிவப்பு வந்தால் கூடாது. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மாலையை வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம், கடைசிவரை கடைப்பிடித்தவர்கள் சொற்பம். மாலையைத் தாயத்து மாதிரி அணிந்துகொண்டார்கள் என்றும், பச்சை மணி வரும்வரை ஒரே மூச்சில் தள்ளிவிட்டார்கள் என்றும் இந்தப் பரீட்சையைப் பற்றிக் கதைகள் உலவுகின்றன. படித்தவர்கள் இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். மாலை பெண்ணின் கழுத்தில் இருந்தது, சிவப்பு மணி அன்று விலகிப் படுக்க வேண்டியவனின் கழுத்தில் இல்லை என்பது சிரிப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பஞ்சாபில் கன்னா என்ற இடத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 1950களில் வருஷக்கணக்கில் நடத்திய பரீட்சையின் கதியும் இதுதான். நுரை மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். மக்கள் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறப்பு விகிதம் ஏமாற்றியது. பிற்பாடு அங்கே போன மஹ்மூத் மம்தானி, தம் 1972ஆம் வருஷத்துப் புத்தகத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: வயலுக்குக் கை வேண்டியவனுக்குப் பிள்ளை பாரமல்ல, வந்தவர்களின் மனம் நோகாமலிருக்க மாத்திரையை வாங்கிக்கொண்டான், அவ்வளவே. முறை தோற்கவில்லை, அது கையாளப்படவே இல்லை. ஆனால் புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அறியாமை என்று எழுதிவிட்டு அடுத்த முறைக்குப் போனார்கள்.

அடுத்த முறைக்கு முதலில் போனது நம் மாகாணம். 1951 ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர் ஆர். ஏ. கோபாலஸ்வாமி, ஐ.சி.எஸ். மூன்றுக்கு மேல் பெறுவதற்கு அவர் தம் அறிக்கையில் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் 'முன்யோசனையற்ற தாய்மை' என்று சொல்லலாம். தாய்மைதான் முன்யோசனையற்றது, தகப்பன்மைக்கு யோசனை உண்டா இல்லையா என்று அறிக்கை கேட்கவில்லை. பின்னால் அவர் சென்னை அரசின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950களின் பிற்பகுதியில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவருக்குப் பணம் கொடுத்த முதல் மாநிலம் சென்னைதான். முப்பது ரூபாய். ஆளைக் கூட்டிவருபவருக்கும் ஒரு தொகை உண்டு. தாமே ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களே இந்தத் தரகு வேலையைப் பார்த்தார்கள். அப்போது ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆணுக்குத்தான். பத்து நிமிஷ வேலை, கட்டில் வேண்டாம், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஆட்சேபணை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று தரகு வைத்தால் தலைகள்தான் வரும். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய மனைவியரின் கணவர்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள். அறுபது வயதுக்காரருக்குச் செய்த ஆபரேஷனுக்குத் தோல்வியே கிடையாது. வங்கியில் வராக்கடனே இல்லாத கிளையைப் பார்த்தால், அந்தக் கிளை கடனே கொடுப்பதில்லை என்று எங்களுக்குப் புரிந்துவிடும். சுகாதார இலாகாவுக்கு அது புரியச் சில வருஷங்கள் பிடித்தன.

1965இல் லூப் வந்தது. பஃபலோ நகரத்து டாக்டர் ஜேக் லிப்பீஸ் கண்டுபிடித்த பிளாஸ்டிக் வளையம். ஒரு முறை வைத்துவிட்டால் பெண் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். திட்டம் தீட்டியவர்களுக்கு இது சொர்க்கமாகப் பட்டிருக்க வேண்டும். லட்சக்கணக்கில் வைத்தார்கள். வைத்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. உதிரம் போயிற்று, வலித்தது, பலருக்குத் தானே விழுந்தது. லூப் வயிற்றில் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், புருஷனுக்கு ஷாக் அடிக்கும் என்று வதந்திகள் பரவின. இந்த வதந்திகளையும் மூடநம்பிக்கை என்று சொல்வார்கள். எனக்கு அவை நேர்த்தியான விமர்சனமாகப் படுகின்றன. உதிரம் போகிறது என்று சொன்னால் 'சரியாகிவிடும், போ' என்று சொல்லும் இடத்தில், நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று சொன்னால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் லூப் திட்டம் படுத்துவிட்டது. சாதனத்தின் தோல்வி விகிதம் மிகக் குறைவு என்று அப்போதும் அறிக்கைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

நிரோத் கதை சற்றே தமாஷானது. 1968இல் மூன்று பதினைந்து பைசாவுக்கு விற்பனைக்கு வந்தது. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகள் கடைக்குக் கடை கொண்டுபோய்ச் சேர்த்தன. அதற்கு முதலில் யோசித்த பெயர் காமராஜ். மன்மதனை நினைத்து வைத்த பெயர்தான். காங்கிரஸ் தலைவரின் பெயரும் அதுவாக இருந்ததால் கைவிட்டார்கள் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு நல்ல சிறுகதைக்காரரிடம் விட்டுவிடுகிறேன். சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் ஆணுறைக்கு இன்னொரு பிறவியும் உண்டு. லாரித் தொழில் பெருகிய நாமக்கல்லில் 1990களில் எய்ட்ஸ் பயம் வந்தபோது, அது லாரிப்பேட்டைகளில் நோய்க்குக் காப்பாக விநியோகிக்கப்பட்டது. அது அவசியமான காரியம். ஆனால் அதன் பிறகு ஒரு டிரைவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் போயிற்று என்று நினைக்கிறேன். வெளியே எதற்காக என்று சொல்லிக் கொடுத்தார்களோ அதுவே அதன் அர்த்தமாக நிலைத்துவிட்டது. வீட்டில் அது மனைவியின் மேல் சந்தேகம், அல்லது தன் மேலேயே ஒப்புதல் வாக்குமூலம். நூற்றுக்கு 13 என்ற தோல்வியை விட இது பெரிய தோல்வி. எந்தப் பத்தியிலும் வராது.

1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பரிசுப் பொருள்கள், பாட்டு, ஊர்வலம். முகாம் என்ற சொல் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. நெருக்கடி நிலை அதைப் போலீஸின் கையில் கொடுத்தது. 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. இங்கே 1976 ஜனவரி 31இல் திராவிட முன்னேற்றக் கழக ஆட்சியைக் கலைத்த பிறகு கவர்னர் ஆட்சி. வடக்கே நடந்த மாதிரி நம்மூரில் நடக்கவில்லை என்ற ஆறுதல் நமக்கு உண்டு. அளவில் அது சரியாகவே இருக்கலாம். இலக்கு என்ற சொல் வாத்தியார்களிடமும் கிராம அதிகாரிகளிடமும் போய்ச் சேர்ந்தது இங்கேயும்தான்.

1977 தேர்தலில் அரசு விழுந்தது. அதிலிருந்து இந்திய அரசியல்வாதிகள் ஒரு பாடம் கற்றார்கள். மனிதரை வற்புறுத்தக் கூடாது என்பதல்ல அந்தப் பாடம். ஆண்களை வற்புறுத்தக் கூடாது என்பது. சில வருஷங்களுக்குள் கணக்கு தலைகீழானது. முன்பு நாலில் மூன்று ஆண்களுக்கு. பின்பு பெரும்பாலும் பெண்களுக்கு. 1970களின் இறுதியில் லாப்ராஸ்கோப் வந்து வேலையைச் சுலபமாக்கியது. தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியபோது, பிரசவத்துக்கு வந்த இடத்திலேயே, இரண்டாவது பிள்ளையோடு சேர்த்து முடித்து அனுப்புவது வழக்கமாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் கணக்கு பாதியைத் தாண்டிவிடுகிறது; ஆண்களுடையது இன்னும் கீழே.

முதல் பாராவில் கொடுத்த எண்களை வாசகர் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நம்பகம்தான் அளவுகோல் என்றால் பட்டியலில் பெண் ஆபரேஷனைவிட உயரத்தில் நிற்பது ஆண் ஆபரேஷன். வயிற்றைத் திறக்க வேண்டாத, ஆபத்து குறைந்த, செலவு குறைந்த முறையும் அதுவே. ஆகவே அளவுகோல் நம்பகம் அல்ல, வேறு ஏதோ. ஆனால் இதை அரசாங்கத்தின் சதி என்று மட்டும் எழுதிவிட்டால், பெண்ணியக் கட்டுரைகளில் சில செய்வது போல, பெண்களை மறுபடியும் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறோம். இந்தச் சமவெளியில் பெண்கள் ஆபரேஷனைத் தேடியும் போனார்கள். தறிக்கு நூல் போட்டுக்கொண்டோ, ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு உரித்துக்கொண்டோ, கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டோ இருப்பவளுக்கு, புருஷனின் மனமாற்றத்தையோ மாமியாரின் அனுமதியையோ தினந்தோறும் வேண்டி நிற்காத ஒரே முறை அதுதான். ஒருநாள் முடிவு, பிறகு யாராலும் அதை அவளிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. அரசாங்கம் அவளை நம்பாததால் தேர்ந்தெடுத்த முறையை, அவள் தன் வீட்டை நம்பாததால் தேர்ந்தெடுத்தாள். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 1990களிலேயே தாய்க்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியதை எல்லோரும் மெச்சுகிறார்கள். அதன் அடியில் இருப்பது இந்த இரண்டு அவநம்பிக்கைகளின் உடன்படிக்கை.

உடன்படிக்கைக்கு ஒரு விலை இருந்தது. மீளமுடியாத முறைக்கு ஒரு தர்க்கம் உண்டு: அதற்குமுன் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். மாத்திரையை இன்று நிறுத்தி நாளை பெற்றுக்கொள்ளலாம். ஆபரேஷன் அப்படியல்ல, 'குடும்பம் முடிந்த' பிறகுதான். குடும்பம் முடிவது என்றால் பையன் இருப்பது. இரண்டில் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தினால் திரும்ப முடியாது, முதலாவது பெண். அப்போது இரண்டாவது குழந்தையின் மேல் விழும் கனம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். 2001 ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், தமிழ்நாடு முழுவதும் 1000 ஆண்களுக்கு 942 பெண்கள். சேலம் மாவட்டத்தில் 851. நடுவில் காணாமல் போனவர்களை முதலில் கள்ளிப்பால் கொண்டுபோயிற்று, பிறகு ஸ்கேன். பெண்சிசுக் கொலைக்கு வரதட்சணை ஒரு காரணம், நிலம் ஒரு காரணம், அவற்றை மறுக்கவில்லை. இறுதியான ஒரே முறையைத் தவிர வேறெதையும் கைக்கெட்டும்படி வைக்காததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளையைத் தள்ளிப்போடும் கலையை, ஆடிக்கு அனுப்பிய அந்தப் பழைய புத்தியை, இந்தத் திட்டம் வளர்க்கவே இல்லை. நிறுத்துவதை மட்டும் கற்றுக்கொடுத்தது.

1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. அதே வருஷம் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. ஒரே பெண் என்றால் அவள் பெயரில் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலைக்கு 25,000 என்று இப்போதைய கணக்கு. மின்விசை நிதிக் கழகத்தில் வைப்பு. பதினெட்டு வயதில் முதிர்வு. நிபந்தனை: பையன் இருக்கக் கூடாது, தாயோ தகப்பனோ ஆபரேஷன் செய்துகொண்டிருக்க வேண்டும். முதிர்வுப் பணத்துக்குக் கணக்குத் தொடங்க அந்த ரசீதோடு தாயும் மகளும் வங்கிக்கு வருவார்கள். 'ஆப்பரேசன் சர்ட்டிபிகேட்டும் வேணுங்களா சார்?' என்று கேட்டு, நான் வேண்டாமென்ற பிறகும், லாமினேட் செய்த அந்தக் காகிதத்தைக் கவுண்டரின் மேல் வைத்த ஒரு அம்மாளைப் பார்த்தேன். பதினாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கடனுக்கு ஈடாக நகையை வாங்குகிறோம், பத்திரத்தை வாங்குகிறோம். ஒரு மகள் உயிரோடு இருப்பதற்கு அவள் தாயின் கருக்குழாயை ஈடாக வாங்கிய இந்தத் திட்டம் நல்லெண்ணத்தில் பிறந்தது. பல மகள்களைக் காப்பாற்றியும் இருக்கலாம். இருந்தாலும் ஈடு ஈடுதான்.

அந்த ஈடாவது உறுதியானதா? நிரந்தரம் என்று சொல்லித்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருஷத்துக்குள் ஆயிரத்துக்கு 18.5 பேர் கர்ப்பமாயிருந்தார்கள். முதல் வருஷத்து அரை சதவீதத்தை வைத்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. இளவயதில் செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். முப்பதுக்கு மேல் செய்துகொள்ளும் நாட்டின் கணக்கைக் காட்டி, இருபதுகளின் நடுவிலேயே முடித்துக்கொள்ளும் நம் பெண்களுக்கு உத்தரவாதம் சொல்வதில் ஒரு அசட்டுத்தனம் இருக்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்து பிலாஸ்பூர் முகாமில் பதின்மூன்று பெண்கள் இறந்த பிறகு, 2016இல் உச்சநீதிமன்றம் முகாம்களை மூன்று வருஷத்தில் நிறுத்தச் சொன்னது. தோல்வி விகிதப் பட்டியலில் சாவுக்குப் பத்தி கிடையாது.

தோற்றால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதே நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஹரியானாவில், ஏழு பிள்ளைகள் பெற்ற ஒரு கூலிப் பெண்ணுக்கு 1988இல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிறகும் கர்ப்பம். வலப்பக்கக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு இடப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தார்கள். பிறந்தது பெண். அந்தக் குழந்தையை வளர்க்க 54,000 ரூபாயும் 12 சதவீத வட்டியும் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2000இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2005இல் பஞ்சாபிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அது நிதானித்துக்கொண்டது. எந்த முறையும் நூற்றுக்கு நூறு அல்ல, டாக்டரின் அஜாக்கிரதை நிரூபணமாகாமல் வெறும் தோல்விக்கு நஷ்டஈடு இல்லை என்றது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. அதே வருஷம் அரசு இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்தது. 2013க்குப் பிறகு அது அரசே நஷ்டஈடு தரும் திட்டமாக மாறியபோது, தோற்றுப்போன ஆபரேஷனுக்கு 30,000 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு சம்மதப் படிவம் தருகிறார்கள். இந்தச் சிகிச்சை நிரந்தரமானது என்று தெரியும் என்று அதில் ஒரு வாக்கியம். தோற்கவும் கூடும், தோற்றால் டாக்டரும் ஆஸ்பத்திரியும் பொறுப்பல்ல என்று தெரியும் என்று இன்னொரு வாக்கியம். மாதவிலக்கு தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் வந்து சொல்ல வேண்டியது அவள் கடமை என்று மூன்றாவது வாக்கியம். மணி தள்ளுவதையும் மாத்திரை விழுங்குவதையும் நம்பி ஒப்படைக்க முடியாதவள் என்று முடிவுகட்டப்பட்ட அதே பெண், நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ அதற்குக் கீழே.